அலுமாரிக் கதவில் நின்றுபோன கணக்கு

கருமாதி முடிந்ததும் வீட்டைக் கழுவிவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குத் தண்ணீர், பாய் தலையணையெல்லாம் வெளியே வெயிலுக்கு. செத்தவரின் தீட்டு எந்த மூலையிலும் தங்கிவிடக் கூடாது. தெல்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த அத்தையின் வீட்டிலும் அன்று காலையிலேயே பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியும் விளக்குமாறுமாக இறங்கிவிட்டார்கள். நான் உள்காம்பராவில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு அலுமாரிப் பக்கம் போனாள். அதன் கறுப்புக் கதவில் வெள்ளைச் சோக்கால் ஒரு கணக்கு பாதி எழுதியபடி நின்றது. துணி கதவில் படுவதற்குள், அதுவரை சுவரோரம் சாய்ந்து கிடந்த அத்தை எழுந்து வந்து கதவில் முதுகை வைத்து நின்றுவிட்டார்.  துணியைப் பிடித்திருந்த பெண் என்னைப் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன். கருமாதியோடு தீர்ந்துவிடும் என்று எல்லோரும் நினைத்திருந்த சாவு தீராது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அத்தை என் அப்பாவின் தங்கை. கணக்கை எழுதியவன் அவருடைய ஒரே மகன், எனக்கு மச்சான். பள்ளிக்கூடத்து உயர்தர வகுப்பில் நானும் அவனும் ஒரே பிரிவு, இணைந்த கணிதமும் பௌதிகவியலும். ஒரு சாயங்காலம் கதவின் முன்னால் நின்று அந்தக் கணக்கைச் செய்துகொண்டிருந்தவன், "குளிருதும்மா" என்று சோக்கை அலுமாரியின் மேல் வைத்துவிட்டுப் படுத்தான். காய்ச்சல். முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி, பிறகு கண்டி ஆஸ்பத்திரி. அந்த வாரம் முடிவதற்குள் அவனை வேனில் கொண்டுவந்துவிட்டார்கள். கதவில் அவன் எழுதிய கடைசி வரி ஒரு சமன் குறியோடு நின்றது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

மாமாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தேயிலை ஸ்டோரில் அரைக்கும் மிஷினோடு வேலை செய்கிறவர், சத்தத்தோடு பழகியதால் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். அன்று அவர் குரல் எழும்பவே இல்லை. "புள்ளயவே மண்ணுல போட்டாச்சு. இந்தச் சோக்குத் தூளுக்கு என்னா காவலு?" என்றார். அத்தை அசையவில்லை. கடைசியில் என் அப்பாதான் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னார். வருசத் திதிக்கு எப்படியும் இன்னொரு தடவை வீடு வெள்ளையடிக்கணும், அதுவரைக்கும் அந்தக் கதவு மட்டும் அப்படியே இருக்கட்டும், அன்னைக்கு யாரும் மறுப்புச் சொல்லக் கூடாது. மாமா தலையாட்டினார். அத்தை ஆட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தக் கதவு கரும்பலகையானது தனிக் கதை. அலுமாரி அத்தையின் கலியாணச் சீதனம். லயத்தில் அந்த மாதிரி அலுமாரி வேறு யாரிடமும் இல்லை என்று அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. மச்சான் உயர்தரத்தில் சேர்ந்த மாதம், அத்தை வேலைக்குப் போன நேரம் பார்த்து, செங்கல் துண்டால் ஒரு கதவை மினுக்கம் போகத் தேய்த்து, பள்ளிக்கூடத்துப் பலகைக்குப் பூசி மிஞ்சிய கறுப்பு மையை வாங்கி வந்து பூசிவிட்டான். அத்தை வந்து பார்த்துவிட்டு விளக்குமாற்றோடு லயத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை துரத்தியதை அந்த லயத்து ஆட்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். உட்கார்ந்து கணக்குச் செய்ய அவனால் முடியாது. நிற்க வேண்டும், நடக்க வேண்டும், எட்டப் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். கண் இமையெல்லாம் சோக்குத் தூளாக இருக்கும். "படம் போடாம கணக்குச் செய்றது கண்ணக் கட்டிக்கிட்டு மலையேறுற மாதிரி" என்று என்னிடம் பெரிய மனுசன் போலச் சொல்வான். நான் படம் போடாமலே செய்து, அவனுக்கு முன்னால் விடையையும் சொல்லிவிடுவேன். அது பிழையாக இருக்கும்.

சனிக்கிழமைகளில் கலஹாவில் எங்கள் வீட்டு முனையில் நான் பஸ் ஏறுவேன், அவன் அதில் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பான். பேராதனை வரை வளைவு வளைவாக இறங்கி, கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு மாடிக் கட்டடத்தில் வகுப்பு. நூறு பேருக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, மாஸ்டர் மைக்கில் திசையோடு சேர்ந்த அளவுகளான காவிகளையும் கூறுகளையும் விளையுளையும் சொல்லிக்கொண்டு போவார். அத்தை மகன் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் நாங்கள் கேலிப் பொருள். "என்னா, கணக்க ரெண்டு பேரும் சேந்தே முடிச்சிருவீங்களா?" என்று சித்தப்பா கேட்டால் மச்சான் காது சிவந்துபோய் வெளியே போய்விடுவான். எனக்கு அவனைப் பிடிக்கும். அவனிடம் நான் அதைச் சொன்னதில்லை, சொல்ல இன்னும் நிறையக் காலம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

கருமாதி கழிந்து சில வாரங்களில் அத்தை தனியாக பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணீரை ஆறவிட்டு, என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டார்.

"மருமகளே, அவன் வர்றான்."

அம்மாவுக்குக் கேட்காமல் நான் கதவைச் சாத்தினேன்.

"வெளக்கு வைக்கிற நேரத்துக்குச் சோக்குச் சத்தம் கேக்குது. டொக்கு, டொக்குன்னு. எழுதுறான்னு நெனச்சு ஓடிப்போய்ப் பாப்பேன். ஒண்ணும் எழுதியிருக்காது. எப்படி எழுதுவான், கை இல்லையே. பாதியில விட்டுட்டுப் போனத முடிக்காம அவனால போக முடியல."

மரம் மழைக்கு உப்பினால் அப்படித்தான் சத்தம் போடும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக, அடுத்த ஞாயிறு வந்து கணக்கை முடித்து எழுதிவிடுகிறேன் என்றேன். எனக்குத் தெரிந்த கணக்குத்தான். அத்தை கோபப்பட்டார்.

"நீ முடிச்சா அது உன் கணக்கு. நேர்த்தி வச்சவன் செத்துப்போனா யாரு காவடி எடுக்குறது? பெத்தவங்கதானே? அடுத்த வீட்டு ஆள அனுப்புவாங்களா? மிச்சத்த நான்தான் செய்யணும். எனக்குச் சொல்லிக் குடு."

 முருகனுக்கு நேர்ந்த காவடியைக்கூட ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கு மாற்றலாம். காவிக் கணிதத்தை மாற்ற முடியுமா? அத்தை எட்டாம் வகுப்போடு நின்றவர். கொஞ்ச காலம் கொழுந்து பறித்துவிட்டு, பிறகு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தார். தாய்மார் மலைக்குப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. வருசத் திதிக்குள் அவரை அந்தக் கதவு வரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஞாயிறு பிள்ளைக் காம்பராவுக்கு விடுமுறை. சாவி அத்தையிடம் இருந்தது. வீட்டில் வைத்துப் படித்தால் மாமாவுக்கு ஆகாது என்பதால் அங்கேதான் எங்கள் வகுப்பு. நல்ல சீமெந்துத் தரை, எழுத வசதி. மேலே உத்திரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். உள்ளே பிள்ளை இல்லாத தொட்டில்களுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு தாய்க்கு நான் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். காற்று வந்தால் அவை மெல்ல ஆடும். முதல் சில வாரங்கள் அத்தையைப் பார்ப்பதைவிட அவற்றைத்தான் நான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் முட்டுக்கட்டை நேர்கோடு. ஒருவர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறார், ஓர் அம்புக்குறி போடுங்கள் என்றால், அத்தை அதை வளைத்து வளைத்துப் போடுவார். வாய்க்காலைச் சுற்றி, பாறையைச் சுற்றி, கோயிலடியில் திரும்பி. அழித்துவிட்டு நேராகப் போட்டுக் காட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நேராப் போனா பள்ளத்துல விழுந்து சாவாங்களே."

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாரும் நேராக நடந்ததில்லை என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. நானும் அங்கே பிறந்தவள்தான். ஆனால் கண்டி மாடிக் கட்டடத்தில் படித்த காலத்தில் மலையை மறந்துபோயிருந்தேன். அவரை வாசலடிக்குக் கூட்டிப் போய், பள்ளத்தாக்குக்கு அப்பால் தெரிந்த பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையைக் காட்டினேன். இங்கேயிருந்து பார்த்தால் கல்லெறிந்தால் விழும் என்று தோன்றும். நடந்தால் கால் கடுத்துவிடும். பார்க்கிற தூரமும் நடக்கிற தூரமும் வேறு வேறு என்று நான் ஆரம்பித்த உடனே அத்தை முடித்துவிட்டார். "அப்ப கால் போற வழி ஒண்ணு, கண்ணு போற வழி ஒண்ணு. இந்தக் கணக்கு கேக்குறது கண்ணு போற வழியா?" இடப்பெயர்ச்சிக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. அதன் பிறகு அவர் போட்ட அம்பெல்லாம் நேராகவே இருந்தன.

கழித்தல் எண்களுக்கு நான் பயந்து வைத்திருந்தேன். பூச்சியத்துக்குக் கீழே எண் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளப் பெரிய பிள்ளைகளே தடுமாறுவார்கள். அத்தை தடுமாறவில்லை. "ஒண்ணும் இல்லாததுக்கும் கீழ ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். சொல்லிவிட்டு அடுத்ததை எழுதச் சொன்னார். நான்தான் சோக்கைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

சார்வேகம் அவருக்குப் பிள்ளைகளால் வந்தது. ஓடும் பஸ்ஸில் இருப்பவனுக்கு மற்ற பஸ் எப்படித் தெரியும் என்று நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. அடுத்த ஞாயிறு வந்தபோது அத்தை முகத்தில் ஒரு வெளிச்சம். வார நாளில் தவழுகிற இரண்டு பிள்ளைகளைத் தரையில் விட்டு, ஒன்றுக்கு முன்னால் மாரி பிஸ்கட்டும் மற்றதற்கு முன்னால் சாவிக்கொத்தும் காட்டித் தவழவிட்டுப் பார்த்தாராம். "இந்தக் குட்டியோட கண்ணுல நான் புகுந்து அந்தக் குட்டியப் பாத்தேன் மருமகளே. அது பிஸ்கட்டுக்குத்தான் போகுது. ஆனா இதுக்கு, அது தன்ன விட்டுப் பின்னால போற மாதிரில்ல தெரியும்?" எந்தக் குட்டிக்கு பிஸ்கட் கிடைத்தது என்று கேட்டேன். இரண்டும் சண்டை போட்டு அழுததில் மேற்பார்வைக்கு வந்த நர்ஸம்மா திட்டியதுதான் மிச்சம் என்றார். அவன் போனபின் அத்தை சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இதற்கிடையில் நான் பரீட்சை எழுதினேன். பொறியியல் பீடத்துக்குப் புள்ளி காணாது என்று வந்தது. கண்டியில் படவரைஞர் படிப்பு ஒன்றில் சேர்ந்தேன். மச்சான் இருந்திருந்தால் அவனுக்குக் கிடைத்திருக்கும் என்று வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை, எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். ஞாயிறுகளை மட்டும் விடவில்லை. ஒரு தடவை பஸ்ஸுக்காக நின்ற என்னிடம் மாமா வந்து, "நீ படிச்ச புள்ள. அவதான் பித்துப் புடிச்சு அலையிறா. நீயுமா? ஊரு சிரிக்குது" என்றார். ஊர் சிரித்தது உண்மைதான். எனக்கே அவ்வப்போது சந்தேகம் வரும், ஒரு துக்கத்தை நான் எண்ணெய் ஊற்றி வளர்க்கிறேனோ என்று. ஆனாலும் அத்தை வாரா வாரம் பிழையில்லாமல் அம்பு போட்டுக்கொண்டு வந்தார், என்னால் நிறுத்த முடியவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு, கடைசி பஸ் வராது என்று அத்தை வீட்டில் தங்கினேன். மாமா ஸ்டோரில். விளக்கு வைக்கிற நேரம். உள்காம்பராவில் அத்தையும் நானும் மட்டும் இருந்தோம், இருவர் கையும் சும்மா இருந்தது. டொக்கு என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது நீளமாக, கோடு இழுப்பதுபோல. மரம் உப்பும் சத்தம் என்று இத்தனை மாதமாக எனக்கு நானே சொல்லி வைத்திருந்ததெல்லாம் பறந்தது. கதவைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அத்தை பார்த்தார். பிள்ளை படிக்கும்போது தாய்மார் இடைஞ்சல் பண்ணாமல் உட்கார்ந்திருப்பார்களே, அப்படிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். இன்று யார் வந்து மரம், ஈரப்பதம் என்று விளக்கினாலும் ஒப்புக்கொள்வேன். கேட்டதையும் மறுக்க மாட்டேன்.

திதிக்கு முந்திய மாதம்தான் கதவின் முன்னால் போய் நின்றோம். கணக்கு இதுதான். கடலில் இரண்டு கப்பல்கள். ஒன்றுக்குக் கிழக்கே பத்துக் கிலோமீட்டர் தள்ளி மற்றது. இரண்டும் தத்தம் திசையில், தத்தம் வேகத்தில், மாறாமல் போகின்றன. அவற்றுக்கிடையேயான மிகக் கிட்டிய தூரம் என்ன? மச்சான் ஒரு கப்பலை நிறுத்திவைத்து, அதிலிருந்து பார்த்தால் மற்றது எப்படிப் போகும் என்று கண்டுபிடித்து, எந்த நேரத்தில் அது எங்கே இருக்கும் என்பதை எழுதியிருந்தான். மிச்சம் அந்தத் தூரம் எப்போது குறைகிறது என்று பார்ப்பது மட்டும். அத்தை கடலைக் கண்டதே இல்லை. ஆனால் அவர் கேட்டது கடலைப் பற்றி அல்ல.

"ரெண்டும் சேராதா?"

"சேராது அத்தை. ரொம்பக் கிட்ட வரும். அப்பறம் வெலகிப் போயிரும்."

"போனா திரும்ப?"

"நேராப் போறதுதானே. திரும்பாது."

அத்தை கதவில் படாமல் இரண்டு கப்பல்களுக்கும் நடுவில் விரலை நீட்டினார். "எவ்வளவு கிட்ட?" என்றார்.

"அதத்தான் கேட்டிருக்காங்க."

திதி அன்று வாளிகளோடு பெண்கள் வரும் முன்பே அத்தை முழுகிவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். அலுமாரியின் மேல் கையை விட்டுத் துழாவி, மகன் வைத்த அந்தச் சோக்குத் துண்டையே எடுத்தார். அது அங்கேயே இருந்தது எனக்குத் தெரியாது. ஓராண்டாக அவர் வேறு சோக்கால்தான் படித்திருக்கிறார். அவனுடைய சமன் குறிக்கு அடுத்ததாக எழுதத் தொடங்கினார். மிகக் கிட்ட இருக்கும் நேரத்தில், பார்க்கிற கோடும் போகிற கோடும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும். இரண்டையும் புள்ளிப் பெருக்கம் செய்தால் பூச்சியம் வர வேண்டும். இதை நான் அவருக்குப் பல ஞாயிறுகள் சொல்லியிருந்தேன். அன்று ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுத்து பெரிது பெரிதாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப் போல, அவனுடைய சாய்ந்த எழுத்துக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெருக்கலில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரலை மடக்கி எண்ணி, தொடர்ந்தார். நேரம் வந்தது. நேரத்தை வைத்துத் தூரம் வந்தது. ஆறு கிலோமீட்டர் என்று எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

"ஆறுன்னா, இங்கேருந்து டவுனு தூரம்தானே?" என்றார். "அவ்வளவு கிட்ட வந்துட்டா போகுது?"

நான் அழுதுகொண்டிருந்தேன். மாமா வாசலில் நின்றிருந்தார், எப்போது வந்தாரோ தெரியாது. கையில் ஈரத்துணி. ஓராண்டாக அந்தக் கதவைத் துடைக்கத் துடித்தவர். இப்போது பக்கத்தில் வந்து, கையைத் தூக்கி, அவன் எழுத்து இருந்த பக்கம் கொண்டுபோனவர், துடைக்க முடியாமல் அப்படியே கதவில் நெற்றியை வைத்துவிட்டார். அத்தைதான் துணியை வாங்கித் துடைத்தார். தன்னுடைய எழுத்தை முதலில், மகனுடையதைப் பிறகு. மாமாவின் நெற்றியில் சோக்கு ஒட்டியிருந்தது. படையல் போட்டு முடியும் வரை யாரும் அதைத் துடைத்துவிடச் சொல்லவில்லை.

நல்லபடியாக முடிந்தது என்று அப்பா சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பாரத்தை இறக்கி வைத்த களைப்பில் பல மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. படிப்பு முடிந்தது, கண்டியில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் போட்ட படங்களில் பிழை பார்ப்பதுதான் என் வேலை. படிக்கட்டின் உயரம், அணைச்சுவரின் சாய்வு, ஒரு குறி மாறினாலும் மலைச்சரிவில் வீடு நிற்காது. முதல் சம்பளத்தில் அத்தைக்கு ஒரு சேலை வாங்கிக்கொண்டு போனேன்.

அலுமாரிக் கதவு நிறைய எழுதியிருந்தது. மச்சானின் பழைய வினாத்தாள் ஒன்றிலிருந்து எடுத்த புதுக் கணக்கு. சாய்தளத்தில் ஒரு மரக்குற்றி, கயிறு, கப்பி. படம் அழகாக இருந்தது. அம்புகளெல்லாம் சரியான திசையில். அத்தை யாருடைய உதவியும் இல்லாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நடுவில் ஓரிடத்தில் மட்டும், கழித்தல் வர வேண்டிய இடத்தில் கூட்டல் போட்டிருந்தார். அதற்குப் பின் வந்ததெல்லாம் கோணல். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சிரித்துக்கொண்டே சோக்கை எடுத்துக் கதவில் கையை வைத்தேன். அத்தை ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி வலித்தது.

"விடும்மா. அது பிழைன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அத்தை..."

"சத்தம் நின்னு போச்சு மருமகளே. கணக்க முடிச்ச அன்னைக்கே நின்னு போச்சு. மழைக்கும் இல்ல, வெயிலுக்கும் இல்ல. வெளக்கு வச்சிட்டு உக்காந்து உக்காந்து பாக்குறேன். நிம்மதியாப் போகட்டும்னுதானே செஞ்சேன்? போயிட்டான். இப்ப எனக்கு வீடே வீடா இல்ல." என் கையிலிருந்த சோக்கை வாங்கி அலுமாரியின் மேல் வைத்தார். "பிழையக் கண்டா அவனுக்குக் கை நிக்காதுல்ல? யாரு எழுதியிருந்தாலும் புடுங்கித் திருத்திட்டுத்தானே மறுவேல பாப்பான்? அவனுக்காகத்தான் வச்சிருக்கேன். நீ திருத்திடாத."

உண்மை. வகுப்பில் என் கொப்பியை எட்டிப் பார்த்து எத்தனை தடவை அவன் அப்படிச் செய்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியாதா? ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். செத்தவர்களைக் கூப்பிடக் கூடாது என்றாவது, மாமாவை நினைத்துப் பாருங்கள் என்றாவது. நான் சேலையைக் கொடுத்துவிட்டு, கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். அந்தக் கூட்டல் குறி கலஹா வரை கண்ணில் நின்றது.

அதற்கும் இப்போது பல வருடமாகிறது. எனக்குக் கலியாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கண்டியிலேயே வாடகை வீடு. அத்தை வேலையிலிருந்து நின்றுவிட்டார், மாமா முற்றத்தில் கறிக்கொச்சிக்காய் நட்டுக்கொண்டு கதவைப் பற்றி எதுவும் பேசாமல் இருக்கிறார். மாதத்துக்கொரு தடவையாவது நான் போகிறேன். கணக்கு மாறியிருக்கும். எறியம், கப்பி, ஆற்றைக் கடக்கும் படகு. அத்தை இப்போது என்னைவிட வேகமாகச் செய்கிறார் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கணக்கிலும் எங்கேயாவது ஒரே ஒரு பிழை. அலுவலகத்தில் ஒரு மில்லிமீட்டருக்காகப் பையன்களைத் திட்டுகிறவள், அங்கே அந்தப் பிழைக்கு முன்னால் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டு வருகிறேன்.

போன மாதமும் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அத்தை வாசலுக்கு நேரே தரையில் உட்கார்ந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி, சுகமா அத்தை என்று வாய் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் கண் அவரைத் தாண்டி உள்காம்பராவுக்குள், அலுமாரிக் கதவுக்குப் போய்விட்டது. மூன்றாவது வரி. கழித்தல் வர வேண்டிய இடத்தில் கூட்டல் குறி, யாரும் திருத்தாமல் அப்படியே இருந்தது. அதைக் கண்டு ஏமாந்த பிறகுதான் நான் எதை எதிர்பார்த்து வந்தேன் என்பதே தெரிந்தது.

அத்தை சுளகை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயும் பாக்குறியா மருமகளே?" என்றார்.